கடைசிச் சொல் சிவப்பு

ஜனவரி 6, திங்கள்

என் பெயர் செங்கோடன். இதை நானே எழுதினேன்.

ஜனவரி 7, செவ்வாய்

நேற்று எழுதியதை இன்று காலை எடுத்துப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. படித்தால் நேற்றுச் சொன்னதையே சொல்கிறது. தனியாகச் சிரித்தேன்.

ஜனவரி 9, வியாழன்

தினமும் இரண்டு வரி எழுதச் சொல்லியிருக்கிறார் சுகுணா டீச்சர். இன்று கூடுதலாக எழுதப் போகிறேன். காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால், வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வரும்போது ஒரு பக்கம் முடிகிறது. எனக்கு அவசரம் இல்லை. கோழிப்பண்ணை வேலையை விட்டு நாளாகிவிட்டது.

நாங்கள் எழுதப் படிக்கக் கற்கிற வகுப்பு மோகனூர் சாலையில், பால் சங்கத்து மாடியில் மாலையில் நடக்கிறது. எல்லாரும் வயதானவர்கள். என் பக்கத்தில் உட்காருகிறவள் பாவாயி. உழவர் சந்தையில் தக்காளி விற்கிறாள். அவள் பேசினால் மாடிக்குக் கீழே பால் ஊற்ற வந்தவர்களும் நின்று கேட்பார்கள். எனக்கு முன்னால் அங்கண்ணன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டராக இருந்தவன். எழுத்துகளை அச்சு மாதிரி எழுதுவான். ஆனால் படிக்கத் தெரியாது. ஓனர் துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பதைப் பார்த்துப் படம் வரைகிற மாதிரி வரைந்துவிடுவானாம். "என்ன எழுதினேன்னு எனக்குத் தெரியாது, ஓனருக்குத் தெரியும்" என்பான். சாமி இல்லை என்கிற கட்சி. கூட்டத்துக்குப் போகும்போது கறுப்புச் சட்டை போடுவான். கூட்டத்தில் கொடுக்கிற சின்னப் புத்தகங்களை இனி அடுத்தவன் படித்துச் சொல்லாமல் தானே படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

வகுப்பில் சோதனைக்காகச் சில போன்கள் கொடுத்திருக்கிறார்கள். திரையில் ஒரு வரி வரும். கீழே உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டே அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். முடிந்ததும் விரலை எடுக்க வேண்டும். போன் யோசித்துவிட்டு, சரியாகப் படித்த சொல்லைப் பச்சையாகவும் தப்பாகப் படித்த சொல்லைச் சிவப்பாகவும் காட்டும்.

அந்தப் போனுக்குள் இருக்கிற வேலையைச் செய்தது என் மகள் கோகிலா. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே வேலை செய்கிறாள். இதை வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சிலரிடம் இரண்டு தடவை.

ஒரு குறை. போன் யோசிக்க மிகவும் நேரம் எடுக்கிறது. நேற்று பாவாயி ஒரு வரி படித்துவிட்டுக் காத்திருந்தாள். காத்திருந்தாள். பிறகு எழுந்து, "நான் போயி ஒரு கூடை தக்காளி வித்துட்டு வந்துர்றேன். அதுக்குள்ள இது சொல்லிருமா டீச்சர்?" என்றாள்.

ஜனவரி 11, சனி

போன் ஏன் அவ்வளவு மெதுவாக யோசிக்கிறது என்று கோகிலாவிடம் கேட்டேன். அவள் கம்ப்யூட்டரை மூடிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீங்க பேசறதை அது நம்பரா மாத்துதுங்ப்பா. அந்த நம்பரையெல்லாம் வேற நம்பரோட பெருக்கிக் கூட்டணும். ஒரு வரிக்கே கோடிக்கணக்குல பெருக்கல். விலை கம்மிப் போனு. ஒவ்வொண்ணா பெருக்குது."

"நெட்டுல எங்காச்சும் பெரிய மெஷினுக்கு அனுப்பக் கூடாதா கண்ணு?"

"பாதி ஊர்ல டவரே இல்லீங்களே. போனுக்குள்ளயே நடக்கணும்."

பிறகு அவள் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. அந்தச் சின்னப் போனின் பிராசஸருக்குள்ளும் ஒரு வசதி இருக்கிறதாம். ஒரு கட்டளைக்கு ஒரு பெருக்கல் செய்கிற இடத்தில், நம்பர்களை எட்டு எட்டாக வரிசையில் அடுக்கிக் கொடுத்தால் ஒரே கட்டளையில் எட்டையும் பெருக்கிவிடும். எட்டுக்கும் ஆகிற நேரம் ஒன்றுக்கு ஆகிற நேரம்தான். ஆனால் அது தானாக நடக்காது. அந்தக் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கையால் எழுத வேண்டும்.

நான் கையைத் தட்டினேன். "இது முட்டை தூக்கற மெஷின்!"

பண்ணையில் முதலில் நாங்கள் முட்டையைக் கையால் பொறுக்கி அட்டையில் அடுக்குவோம். பிறகு ஒரு மெஷின் வந்தது. அதில் முப்பது ரப்பர் வாய் இருக்கும். அட்டை மேல் வைத்து அழுத்தினால் முப்பது முட்டையையும் உறிஞ்சி ஒரே தூக்காகத் தூக்கும்.

"அதேதாங்ப்பா" என்று கோகிலா சிரித்தாள். "ஆனா முட்டை முதல்ல வரிசையா அடுக்கி இருக்கோணும். எனக்கு இப்ப அதுதான் வேலை. நம்பரெல்லாம் மூலைக்கு ஒண்ணாக் கெடக்குது."

எனக்கு மிகவும் சந்தோஷம். படித்தவர்கள் வேலை என்றால் என்னவோ என்று நினைத்திருந்தேன்.

அந்த மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. அட்டையில் ஒரு முட்டை குறைந்தாலும் அந்த வாயில் காற்று போய்விடும். ஒன்றையும் தூக்காது. அதனால் கடைசியில் அட்டை நிறையாத முட்டைகளை ஓரமாக வைத்துவிடுவோம். லாரியில் ஏறாது. வேலை செய்கிறவர்கள் பங்கு போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவோம். கோகிலா அதைத் தின்றுதான் வளர்ந்தாள்.

இதை எழுத இரண்டு காலை ஆனது. தேதி மட்டும் சனி.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். பண்ணைக்காரர் வீட்டிலிருந்து கரும்பு வந்தது. உப்புப் பாக்கெட்டில் 'ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்' என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருடமாக அதைத் தண்ணீர்க் குடத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

ஜனவரி 18, சனி

கோகிலாவின் முகம் சரியில்லை. எட்டு எட்டாகப் பெருக்க எழுதிவிட்டாள். ஆனால் முன்பைவிட மெதுவாகிவிட்டது. போனும் கையில் வைக்க முடியாமல் சுடுகிறது. பெருக்குகிற நேரத்தைவிட நம்பர்களை எடுத்து அடுக்குகிற நேரம் அதிகமாகிவிட்டதாம்.

கம்பெனி முதலாளி போனில் பேசினார். அவர் குரல் அடுப்படி வரை கேட்டது. பிப்ரவரி பதினேழாம் தேதி எழுத்தறிவுத் திட்ட அலுவலகத்து மேடம் எங்கள் வகுப்புக்கே வந்து பார்ப்பார். படித்து முடித்த உடனே போன் பதில் சொன்னால், மாவட்டம் முழுக்க எல்லா மையத்துக்கும் இதைக் கொடுப்பார்கள். சொல்லாவிட்டால் இந்த வேலையை மூடிவிடுவார்கள். மூடினால் கோகிலா பெங்களூருக்கு வேறு வேலைக்குப் போக வேண்டும்.

"நீங்களும் வந்துருங்கப்பா. தனியா விட்டுட்டுப் போக மாட்டேன்."

போகலாம்தான். ஆனால் அங்கே பஸ் போர்டு, கடைப் பெயர் எல்லாம் வேறு எழுத்து. இப்போதுதான் மோகனூர் பஸ்ஸை யாரையும் கேட்காமல் ஏறுகிறேன். அங்கே போனால் மறுபடியும் ஒன்றும் தெரியாதவன் ஆகிவிடுவேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை. "போலாம் கண்ணு" என்றேன்.

ஜனவரி 24, வெள்ளி

வேகமாகிவிட்டது!

கோகிலா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். நம்பர்களை முதலிலேயே வரிசைப்படுத்திப் போனில் வைத்துவிட்டாளாம். பெரிய நம்பர்களைச் சுருக்கிச் சின்ன நம்பர்களாக்கி நெருக்கமாக அடுக்கியும் இருக்கிறாள். கம்பெனியில் பதிவு செய்து வைத்திருக்கிற குரல்களையெல்லாம் கொடுத்துச் சோதித்தாள். எல்லாம் சரி. அவளே ஒரு வரி படித்தாள். விரலை எடுத்தாள். நான் கண்ணைச் சிமிட்டுவதற்குள் எல்லாம் பச்சை.

"இப்ப நீங்க படிங்கப்பா."

'குழாயில் தண்ணீர் வருகிறது' என்று படித்தேன். விரலை எடுத்த உடனே வந்துவிட்டது. குழாயில் பச்சை. தண்ணீர் பச்சை. வருகிறது சிவப்பு.

அவள் அதற்குள் முதலாளியோடு பேச ஆரம்பித்துவிட்டாள். "அப்பா, சீக்கிரமா வந்துச்சா?" என்று கையால் கேட்டாள். சீக்கிரம்தான் வந்தது. தலையை ஆட்டினேன்.

ஜனவரி 25, சனி

'வருகிறது' இன்னும் சிவப்பு. அதை மட்டும் பின்கட்டில் துணி காயப் போடும்போது சொல்லிப் பார்த்தேன். வருகிறது, வருகிறது. நன்றாகத்தான் சொல்கிறேன் என்று தோன்றுகிறது. ஆனால் போன் கேட்கிற மாதிரி என் காது கேட்காது அல்லவா. முன்னே அது மெதுவாக யோசித்தபோது கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கும். இப்போது கறாராகிவிட்டது.

ஜனவரி 27, திங்கள்

வகுப்புப் போன்களிலும் புதியதைப் போட்டாயிற்று. எல்லாரும் வேகத்தைப் பார்த்து ஆ என்றார்கள். எனக்குத்தான் பெருமை. சுகுணா டீச்சர், "படிச்சு முடிச்ச உடனே விரலை எடுத்துருங்க. இல்லாட்டி பக்கத்துல இருக்கறவங்க சத்தமும் உள்ள போயிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நேரத்தைக் குறித்து கோகிலாவுக்கு அனுப்பினார். அவள் கேட்டது நேரத்தை மட்டும்தான்.

இன்று வகுப்பில் சத்தம் குறைவு. வழக்கமாகப் போனை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். இன்று யாரும் காட்டவில்லை. பாவாயி முந்தானையால் மூடிக்கொண்டு பார்த்தாள். நானும் காட்டவில்லை.

திரும்பி வரும்போது அங்கண்ணன் கூட வந்தான். பால் சங்கத்து விளக்கைத் தாண்டியதும் கேட்டான்.

"செங்கோடா, உனக்கு எல்லாம் பச்சையா வருதா?"

"வருது" என்றேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

ஜனவரி 29, புதன்

விரல் வலி. எழுதவில்லை.

பிப்ரவரி 1, சனி

மூன்று சொல் உள்ள வரியில் மூன்றாவது சிவப்பு. ஐந்து சொல் உள்ள வரியில் ஐந்தாவது சிவப்பு. சில நேரம் தப்பித் தவறிப் பச்சையாகிறது. அப்போது என்ன சரியாகச் செய்தேன் என்று தெரியவில்லை. கடைசிச் சொல் வரும்போது மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது. வயது.

கோகிலா சந்தோஷமாக இருக்கிறாள். எதற்குச் சொல்ல வேண்டும். அவளுடைய வேலை நன்றாக இருக்கிறது. என் வாய்தான் சரியில்லை. பதினேழாம் தேதியோடு நின்றுவிடலாம் என்று இருக்கிறேன். பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு வந்தாயிற்று.

பிப்ரவரி 3, திங்கள்

நேற்று எழுதியிருந்தால் நின்றுவிடுவதாகத்தான் எழுதியிருப்பேன். இன்று நடந்ததைக் கேளுங்கள்.

வகுப்புக்குப் போகும்போது சாலையில் பழனிக்கு நடந்து போகிறவர்கள் கூட்டம். பச்சை வேட்டி, தோளில் காவடி. மாடிக்குப் போய்ப் போனை எடுத்தேன். அந்தச் சத்தம் காதிலேயே இருந்தது. 'குழாயில் தண்ணீர் வருகிறது' என்று படித்து, சலிப்பில் "முருகா!" என்றுவிட்டு விரலை எடுத்தேன்.

எல்லாம் பச்சை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த வரி. 'வண்டி மேடு ஏறுகிறது முருகா.' பச்சை. முருகா இல்லாமல் படித்தேன். சிவப்பு. மறுபடி முருகனைக் கூப்பிட்டேன். பச்சை.

வெளியே வந்ததும் பாவாயியின் காதில் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"உங்களுக்கும் செவக்குதாண்ணா?"

"முந்தி" என்றேன். "இப்ப இல்லே."

"எனக்கும்தான் செவந்துச்சு! யாருகிட்டச் சொல்றது? டீச்சர் என்னைய மக்குன்னு நெனச்சுக்குவாங்கன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

பிப்ரவரி 5, புதன்

பாவாயியிடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. இன்று வகுப்பில் எல்லார் வாயிலும் முருகன். ஆளாளுக்கு மூலையில் உட்கார்ந்து படிக்கிறோம், டீச்சர் கரும்பலகைப் பக்கம் நிற்கிறார், அவர் காதில் சந்தைச் சத்தமாகத்தான் விழுந்திருக்கும். எங்களோடு படிக்கிற ஜார்ஜ் மட்டும் ஏசுவே என்றார். அதற்கும் பச்சை வந்தது. சாமிகளுக்குள் சண்டை இல்லை.

அங்கண்ணன் மட்டும் சொல்லவில்லை.

"ஒருக்கா சொல்லிப் பாரேன்" என்றேன்.

"புஸ்தகத்துல இல்லாததை நான் எதுக்குப் படிக்கோணும்?"

"சொன்னா நாக்கு வெந்துருமா?" என்றாள் பாவாயி.

"இத்தனை வருசம் சொல்லாத நாக்கு. ஒரு போனுக்காகச் சொல்லுமா? எழுத்துக்கும் சாமிக்கும் என்ன சம்பந்தம்னு முதல்ல சொல்லுங்க."

"சம்பந்தம் என்னமோ, எங்களுக்குப் பச்சை வருதில்ல" என்றேன். "முருகனுக்கு ஆளை நல்லாத் தெரியும்யா. உனக்குச் சிவப்புதான்."

எல்லாரும் சிரித்தார்கள். பாவாயி தொடையைத் தட்டிச் சிரித்தாள். நல்ல வேடிக்கையாக இருந்தது.

அங்கண்ணன் போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினான். முழங்கால் வலி அவனுக்கு. படியில் அவன் இறங்குகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

பிப்ரவரி 8, சனி

அங்கண்ணன் வியாழனும் வரவில்லை, வெள்ளியும் வரவில்லை. இன்று டீக்கடையில் பார்த்தேன். பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். கையில் கூட்டத்துப் புத்தகம். பக்கத்தில் இருந்த கடைக்காரரிடம் கொடுத்து, "இதுல என்ன போட்டிருக்குது, சொல்லு" என்றான்.

டீ நன்றாக இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். கோயிலுக்குப் போனேன். கூட்டம். நன்றி சொல்லத்தான் போனேன். முருகன் முன்னால் நின்றபோது அங்கண்ணன் நினைவுதான் வந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று நடந்ததை முழுவதும் எழுத வேண்டும். எத்தனை காலை ஆனாலும் சரி.

மேடம் வருவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கோகிலாவே வகுப்புக்கு வந்தாள். சுகுணா டீச்சர் எங்களை ஒவ்வொருவராக முன்னால் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். முதலில் நான்.

"குழாயில் தண்ணீர் வருகிறது முருகா." பச்சை.

கோகிலா சிரித்தாள். தைப்பூசத்துப் பக்தி இன்னும் இறங்கவில்லை என்று நினைத்திருப்பாள். அடுத்தது பாவாயி.

"ஆடு வேலியைத் தாண்டியது முருகா." பச்சை.

அடுத்தது ஜார்ஜ். "வங்கியில் கணக்கு தொடங்கினேன் ஏசுவே." பச்சை.

கோகிலா டீச்சரைப் பார்த்தாள். "ஏனுங்க டீச்சர், இது பாடத்துல இருக்குதுங்களா?"

டீச்சருக்கும் அப்போதுதான் உறைத்தது. "இல்லீங்களே" என்றார்.

"பாடத்துல இல்ல கண்ணு" என்றாள் பாவாயி. "ஆனா சொன்னாத்தான் பச்சை. சொல்லாட்டி கடைசி வார்த்தை செவந்து போயிரும். உங்கப்பாதான் கண்டுபுடிச்சாரு."

கோகிலாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "முருகா இல்லாமப் படிங்க பாவாயிம்மா."

'ஆடு வேலியைத் தாண்டியது.' தாண்டியது சிவப்பு.

"இன்னொருக்கா."

சிவப்பு.

"சரி, இப்பக் கடைசியில வேற எதாச்சும் சொல்லுங்க. சாமி பேரு வேண்டாம். தக்காளின்னு சொல்லுங்க."

பாவாயி எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படித்தாள். "ஆடு வேலியைத் தாண்டியது தக்காளி."

எல்லாம் பச்சை.

பாவாயி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அட!" என்றாள் பாவாயி. "தக்காளிக்கும் கேக்குதே இது!"

எல்லாரும் சிரித்தார்கள். கோகிலா சிரிக்கவில்லை. போனை வாங்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் போனையே பார்த்துக்கொண்டு நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

"எப்ப இருந்துங்ப்பா செவக்குது?"

"நீ வேகமாக்கின அன்னைல இருந்து."

"ஏனுங்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"நான்தான் தப்பாப் படிக்கறேன்னு நெனச்சேன் கண்ணு. மெஷின் தப்புப் பண்ணுமா?"

அவள் செருப்பை ஓரமாக வைத்தாள். "மெஷின் பண்ணலீங்ப்பா. நான் பண்ணியிருக்கறேன்" என்றாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் உட்கார்ந்தவள் சாப்பாட்டு நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள்.

நாம் படிக்கிற குரலைப் போன் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்குகிறது. அந்தத் துண்டுகளை எட்டு எட்டாகக் கட்டித்தான் பெருக்க அனுப்புகிறது. கடைசிக் கட்டில் எட்டுத் துண்டு சேராவிட்டால் என்ன செய்வது என்பதை அவள் எழுதவில்லை. அதனால் அந்தத் துண்டுகள் கேட்கப்படாமலேயே போய்விட்டன. கடைசிச் சொல்லின் வால் அதில்தான் இருக்கும்.

"அப்பறம் உனக்கு மட்டும் எப்படிப் பச்சை வந்துச்சு?"

"நான் படிச்சுட்டு ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் விரலை எடுப்பேன். எனக்கு வெட்டுப்படறது வெறும் மூச்சு. கம்பெனிப் பதிவெல்லாம் எட்டுக்குச் சரியா வகுபடற மாதிரி ஒரே நீளத்துக்கு வெட்டி வெச்சது. அதுல மிச்சமே விழாது. நீங்க எல்லாரும் டீச்சர் சொன்ன மாதிரி உடனே எடுத்தீங்க. சொன்னபடி செஞ்சவங்களுக்குத்தான் செவந்திருக்குது."

"அப்ப முருகன்?"

"முருகான்னு சொன்னதும் வெட்டுப்பட்டது முருகாதான். உங்க வார்த்தை தப்பிச்சுருச்சு."

அப்படியானால் 'வருகிறது' என்று நான் சரியாகத்தான் படித்தேன். முதல் நாளே. பின்கட்டில் சொன்னதெல்லாம் சரி. என் வாய் சரி, என் மூச்சு சரி.

"மிச்ச முட்டையத் தின்னு வளர்ந்தவ நான்" என்றாள் கோகிலா. "எனக்கே மிச்சம் மறந்து போச்சு பாருங்க."

இனி கடைசிக் கட்டில் எத்தனை குறைகிறதோ அத்தனை இடத்தில் சைபரை வைத்து எட்டாக்கி அனுப்புகிறாள். சைபரை எதனால் பெருக்கினாலும் சைபர்தான். கணக்குக் கெடாது. வேகமும் குறையவில்லை. மாலை வரை என்னைப் படிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தொண்டை கட்டிவிட்டது. எல்லாம் பச்சை.

எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

பிப்ரவரி 15, சனி

அங்கண்ணன் வீட்டுக்குப் போனேன். பட்டறைக்குப் பின்னால் வீடு. வாசலில் முறம் ஒன்றுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு ரோட்டுல கேட்டியே, எல்லாம் பச்சையா வருதான்னு."

பிரஷ்ஷை நிறுத்தவில்லை. "ஆமா."

"வரலே. எனக்கும் சிவப்புதான். பாவாயிக்கும் சிவப்பு. எல்லாருக்கும் சிவப்பு. நான் பொய் சொன்னேன்."

பிரஷ் நின்றது.

"நீ சரியாத்தான் படிச்சிருக்கறே அங்கண்ணா. கோகிலா கணக்குல ஒரு தப்பு. கடைசிச் சொல்லோட வாலை விட்டுட்டுது. இப்பச் சரி பண்ணிட்டா."

"அப்ப முருகன்?"

இதைத்தான் கேட்பான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். "முருகன் இல்லே" என்றேன். "தக்காளின்னு சொன்னாலும் பச்சைதான் வந்துச்சு."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்து இருமி, இருமிச் சிரித்து, முறத்தைக் கீழே வைத்துவிட்டான். அவன் வீட்டம்மா என்னவோ ஏதோ என்று வெளியே வந்து பார்த்தார்.

"இதை நீ எல்லார் முன்னாலயும் சொல்லோணும்" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எல்லாருக்கும் தெரியும். பாவாயி வாயில வந்தாச்சு."

"தெரிஞ்சா பத்தாது. நீ சொல்லோணும். நீதான சிரிச்சே."

"சொல்றேன். திங்கக்கிழமை வா."

வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் டீ வந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

மேடம் வந்தார். கண்டிப்பானவர், கையில் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோகிலா சுவர் ஓரமாக நின்றாள். நான் முதலில் எழுந்து, முருகனுக்கும் பச்சைக்கும் சம்பந்தம் இல்லை என்றும் அங்கண்ணனைப் பார்த்துச் சிரித்தது தப்பு என்றும் சொன்னேன். மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டியவன் இன்னும் வரவில்லை. பாதிப் படியில் இருந்தான். கறுப்புச் சட்டை கண்ணில் பட்டதும் நான் மறுபடி ஒரு தடவை முழுதும் சொன்னேன்.

நான் படித்தேன். பாவாயி படித்தாள். விரலை எடுத்தால் பதில். மேடம் தலையை ஆட்டினார். பிறகு, "நீங்க பழக்கி வெச்சவங்களையே படிக்க வெக்கறீங்க. இப்ப வந்தாரே, அவர் படிக்கட்டும்" என்றார்.

கோகிலா என்னைப் பார்த்தாள். சரி செய்த பிறகு அங்கண்ணன் போனைத் தொட்டதே இல்லை.

அவன் போனை வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தான். பெயிண்ட் அடிக்கப் போகிற பலகையைப் பார்ப்பது போல வரியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தான். பொத்தானை அழுத்தினான்.

"வண்டி மேடு ஏறுகிறது."

விரலை எடுத்தான். வண்டி பச்சை. மேடு பச்சை. ஏறுகிறது பச்சை.

அவன் போனைத் திருப்பி எங்கள் எல்லாருக்கும் காட்டினான். ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும். ஜார்ஜுக்கு இரண்டு தடவை. பிறகு கொடுக்காமல் அடுத்த வரியைப் படித்தான். அதற்கும் அடுத்தது.

"ஏனுங்ணா, மேடம் பஸ்ஸைப் புடிக்கோணும்" என்றாள் பாவாயி.

"இருங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

மேடம் போகும்போது கோகிலாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். முதலாளி போனில் சிரித்தது எனக்கு மாடியில் இருந்தே கேட்டது. மாவட்டம் முழுக்கக் கொடுக்கப் போகிறார்கள். பெங்களூர் இல்லை.

நானும் அங்கண்ணனும் ஒன்றாக வந்தோம். பால் சங்கத்துக்கு எதிரே ஒரு பழைய லாரி நின்றிருந்தது. பின்பக்கப் பலகையில் மஞ்சளும் சிவப்புமாக எழுத்து. அங்கண்ணன் நின்றான். தன் கை வேலை அவனுக்குத் தெரியும். கிட்டே போய், விரலை எழுத்தின் மேல் வைத்து நகர்த்திச் சத்தமாகப் படித்தான்.

"முருகன் துணை."

கடைசிச் சொல்லையும் விடாமல் படித்தான்.

அவன் விரலை எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

"இதை எழுதறப்ப எனக்குப் படிக்கத் தெரியாது" என்றான்.